ரெண்டு, ஏடு, மூடு

1

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்று நாற்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது ஒரு படகின் மூக்கு. எங்கள் கொடிக்கம்பத்துக்கும் தூரத்து ஆரஞ்சு மிதவைக்கும் நடுவே, தண்ணீரில் வரையப்படாத ஆனால் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு கோடு இருக்கிறது. அந்த மூக்கு கோட்டைத் தாண்டி ஒரு முழம் நீண்டிருந்தது. ஊதல் ஒலிக்க இன்னும் இரண்டு நொடி பாக்கி.

மெல்போர்னுக்குத் தெற்கே ஒரு வளைகுடா. பாய்மரப் படகுப் போட்டி. நான் நிற்பது நடுவர் படகில். நங்கூரம் போட்டு நின்று, கொடி ஏற்றி இறக்கி, ஊதல் ஊதிப் போட்டியைத் தொடங்கி வைப்பது இந்தப் படகின் வேலை. பாய்மரப் படகுக்கு பிரேக் கிடையாது. நாற்பது படகுகள் கோட்டுக்குப் பின்னால் முட்டி மோதாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஊதல் ஒலிப்பதற்கு முன்னால் கோட்டைத் தாண்டியவர் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். வராவிட்டால் அவர் அந்தப் போட்டியில் கலந்துகொள்ளாதவர் போலத்தான்.

ஹெலன் எங்கள் தலைமை நடுவர். ஓய்வு பெற்ற ஆசிரியை. கோட்டின் மேல் ஒரு கண்ணை வைத்து நிற்பார். "ஒன்று தாண்டிவிட்டது. நம்பர்?" என்றார். அவருக்கு இப்போது தூரத்து எண்கள் தெரிவதில்லை. அந்த வேலை என்னுடையது. தூரநோக்கியில் பாயில் இருந்த எண்ணைப் படித்தேன். கழுத்தில் தொங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் சொன்னேன். அட்டையில் செருகியிருந்த தாளில் எழுதினேன். தொடக்க ஊதல் ஒலித்ததும் ஹெலன் நீலச் சிலுவைக் கொடியை ஏற்றி இன்னொரு முறை ஊதினார். யாரோ ஒருவர் தாண்டிவிட்டார் என்று மட்டும்தான் அந்தக் கொடி சொல்லும். யார் என்று சொல்லாது. எந்தப் படகும் திரும்பி வரவில்லை.

தாளில் நான் எழுதியது 237.

2

பதினான்கு வருடத்துக்கு முன் அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பியபோது எனக்கு நீச்சல் தெரியாது. இப்போதும் தெரியாது. கண்மாய் நிறைந்த வருடங்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஊரில் நீச்சல் கற்க வாய்ப்பில்லை. ஊரில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என் எல்லை. இங்கே ஒரு மருந்துக் கிடங்கில் இருப்பு சரிபார்ப்பவன்.

மகள் கீர்த்தி பன்னிரண்டு வயதில் பள்ளி வழியாகப் படகு ஓட்டப் போனாள். அவளைக் கொண்டுவிட்டு அழைத்துவரும் நாலு மணி நேரம் நான் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் ஹெலன் கண்ணாடியைத் தட்டி, "சும்மாதானே இருக்கிறீர்கள், படகில் வருகிறீர்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தேகமாக இருந்தது. அடையாள அட்டை கேட்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்கவில்லை. ஒரு தொப்பியும் இரண்டு சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். ஒன்றும் கேட்காமல் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பில் ஏதோ ஒளிந்திருக்கும் என்பது என் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். மூன்று மாதம் தேடினேன். யார் யாருக்கு வேண்டியவர், யார் பிள்ளைக்கு எந்தப் படகு போகிறது என்று குறித்துக்கொண்டேன். குறிப்பிடும்படி எதுவும் சிக்கவில்லை. சிக்காததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

திருச்சுழியில் உரக்கடை வைத்திருக்கும் முருகேசன் என் பழைய கூட்டாளி. போட்டி நாளிதழின் நிருபராக இருந்தவன். வாரம் ஒருமுறை போன் செய்வான்.

"ஏலே, சம்பளம் இல்லையா? நெசமாவா?"

"இல்லலே."

"சனி ஞாயிறு வெயில்ல நின்னு கொடி புடிக்கிற. சம்பளமும் இல்ல. அப்ப வேற என்னமோ இருக்குடா. எங்கிட்ட மறைக்கிற."

"மறைக்க ஒண்ணும் இல்ல."

"தண்ணி லாரிக்குக் கொடத்தோட ஓடுன பய, கடல்ல நின்னு வெள்ளக்காரனுக்கு ஊதல் ஊதுறானாம். நான் நம்பணுமாம்."

முதல் வருடக் கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், அவசரத் தொடர்பு, ஒவ்வாமை, போட்டியில் உங்கள் பிள்ளை உண்டா? உண்டு என்று குறித்தேன். எண்களைக் குறித்துவைக்கும் பதிவாளர் வேலையில் தீர்ப்புச் சொல்வது எதுவும் இல்லை, அதனால் பரவாயில்லை என்றார்கள். கடைசிக் கேள்வி: வீட்டில் பேசும் மொழி. ஒரு கோடுதான் போட்டிருந்தது. தமிழ் என்று எழுதினேன்.

3

அது முழு உண்மை இல்லை. நாங்கள் தறிக்காரக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். ஆந்திராக்காரர் கேட்டால் இது தெலுங்கே இல்லை என்பார். நான் படித்ததும் எழுதியதும் பிழைத்ததும் தமிழில். ஆனால் முதன்முதலில் எண்ணக் கற்றது தெலுங்கில். அதனால் அவசரத்தில் என் வாய் தெலுங்கில்தான் எண்ணும். கிடங்கில் மாத்திரைப் பெட்டிகளை எண்ணும்போதும் அப்படித்தான். பக்கத்தில் நிற்கும் வியட்நாம்காரர் அவர் மொழியில் எண்ணுவார். யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை.

கீர்த்திக்கு இந்த எண்கள் தெரியாது. தெலுங்கில் சோறு, வா, செருப்பு, போதும் என்று நாலைந்து வார்த்தை தெரியும். தமிழ் புரியும்; பதில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். பன்னிரண்டு வயது வரை ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போனாள். பிறகு படகு வந்தது. இரண்டும் ஒரே நேரம்.

நாலு எழுத்து, இரண்டு வார்த்தை மட்டும் வாசகர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். தெலுங்கில் மூன்றுக்கு 'மூடு'. ஏழுக்கு 'ஏடு'. தமிழ் காதுக்கு அவை என்னவாகக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை.

4

அன்றைய போட்டி தொடரின் கடைசிப் போட்டி. மாநிலப் பயிற்சி அணிக்குப் பதினாறு பேர். பதினைந்து இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பதினாறாவது இடத்துக்கு இரண்டு பேர்: கீர்த்தி, லியாம். லியாம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் பையன். அப்பா டேவிட், கட்டடக் கான்ட்ராக்டர். பார்த்தால் கையசைப்பார்.

படகுகள் கிளப்புக்குச் சொந்தம். அன்று காலை குலுக்கலில் பிரித்துக் கொடுத்தார்கள். லியாமுக்கு 237. கீர்த்திக்கு 273. குலுக்கல் நடந்தபோது நான் நடுவர் படகில் நங்கூரக் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்று ஐந்துக்குக் கீர்த்தி ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள், வெறும் எண். அதை நான் எப்போது திறந்தேன் என்று போன் காட்டுவதில்லை. போட்டிக்குப் பிறகு என்றுதான் என் நினைவு.

முடிவு ஒட்டினார்கள். 237 முன்கூட்டியே தாண்டியதால் கணக்கில் இல்லை. பதினாறாவது பெயர் கீர்த்தி. டேவிட் அரை மணி நேரத்தில் முறையீடு எழுதிக் கொடுத்தார்.

நாலு பத்துக்கு மாடியில் விசாரணை. மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்த ஒரு வழக்கறிஞர். ஆறு மணிக்குள் பட்டியல் மாநிலச் சங்கத்துக்குப் போயாக வேண்டும். பேசியதெல்லாம் ஆங்கிலம்.

டேவிட் சொன்னார்: "என் மகன் கோட்டுக்குப் பின்னால் இருந்ததாகச் சொல்கிறான். பதிவாளரின் மகள்தான் இப்போது பதினாறாவது இடத்தில் இருக்கிறாள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்."

நல்ல வாக்கியம். அதை நானும் வேறு வேறு பேர் போட்டுப் பலமுறை எழுதியிருக்கிறேன்.

ஒலிப்பதிவைப் போட்டார்கள். காற்று, கொடி அடித்துக்கொள்ளும் சத்தம், ஹெலனின் குரல், பிறகு என் குரல். யாருக்கும் புரியவில்லை. எனக்கே ஒரு கணம் என் குரல் அந்நியமாக இருந்தது.

"இது ஆங்கிலம் இல்லை" என்றார் தலைவர்.

"அவர் எப்போதும் இப்படித்தான் ஏதோ முணுமுணுப்பார். நான் தாளைத்தான் பார்ப்பேன்" என்றார் ஹெலன்.

என் படிவத்தை எடுத்துப் பார்த்தார்கள். தமிழ். நான் வாயைத் திறப்பதற்குள் குழுவில் இருந்த ஒரு மருத்துவமனை ஊழியர் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையைக் கூப்பிட்டுவிட்டார். "சாட்சியே மொழிபெயர்த்தால் சரியாக இருக்காது" என்றார் தலைவர் என்னைப் பார்க்காமல். ஒரு பெண்மணி இணைப்பில் வந்தார். யாழ்ப்பாணப் பேச்சு. ஒலிப்பதிவை இரண்டு முறை கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்:

"'இரண்டு. புத்தகத்தை மூடு.' அவர் சொல்வது அவ்வளவுதான்."

டேவிட் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "எந்தப் புத்தகத்தை?"

"எங்களிடம் புத்தகமே கிடையாது. அட்டையும் தாளும்தான்" என்றார் ஹெலன்.

தலைவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "குமார், போட்டி தொடங்கும் நொடியில் எதை மூடச் சொன்னீர்கள்? யாரிடம் சொன்னீர்கள்?"

நான் போன் பக்கம் குனிந்து தமிழில் சொன்னேன்: "அம்மா, அது தமிழ் இல்லீங்க. வீட்ல பேசுற தெலுங்கு. நம்பருங்க அது."

"நான் உங்களோட நேரடியாக் கதைக்கக் கூடாது, ஐயா" என்றார் அவர். பிறகு ஆங்கிலத்தில், "சாட்சி என்னிடம் தனியாகப் பேசினார். இது வேறு மொழி என்கிறார். அந்த மொழி எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டதைச் சொல்லிவிட்டேன்" என்றார்.

"என்ன பேசினீர்கள் அவரிடம்?" என்றார் டேவிட்.

"படிவத்தில் தமிழ் என்று எழுதியிருக்கிறீர்களே" என்றார் தலைவர்.

"ஒரு கோடுதான் இருந்தது" என்றேன்.

அந்த அறையில் அந்தப் பதில் எப்படி ஒலித்தது என்று எனக்குத் தெரியும். நான் நிருபராக இருந்து எதிரில் ஒருவன் அப்படிச் சொல்லியிருந்தால் கொட்டேஷன் குறி போட்டு எழுதியிருப்பேன்.

தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டார்கள். ஞாயிறு மாலை யாரும் கிடைக்கவில்லை. திங்கள் காலைதான் என்றார்கள். மணி நாலு ஐம்பது.

5

இந்த இடத்தில் ஒரு பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே ஒரு தனியார் பஸ் கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. கண்மாயில் தண்ணீர் இல்லை, சீமைக்கருவேலம்தான். சிராய்ப்போடு எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். நானும் முருகேசனும் ஒரே வண்டியில் போய்ப் பார்த்தோம். பேனா எழுதவில்லை. பஸ்ஸின் கடைசி இரண்டு எண்களை, 73, வாயிலேயே சொல்லிக்கொண்டு திருச்சுழி வரை வந்தேன்: ஏடு மூடு, ஏடு மூடு. டெலிபோன் பூத்தில் வேறு பேனா வாங்கி எழுதினேன். மதுரை அலுவலகத்துக்குப் படித்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காரியாபட்டியிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் சுருட்டிய பேப்பர்.

"நீங்கதான் பேப்பர்காரரா?"

"ஆமாங்க."

"என் வண்டி பத்து நாளா ஷெட்டுல கெடக்கு. டயரே இல்ல. டயரு இல்லாத வண்டி எப்பிடிய்யா கம்மாக்குள்ள எறங்குச்சு? நடந்து போச்சா?"

நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். 37 என்று இருந்தது.

"யாரு சொல்லி எழுதுன? அந்த ரூட்டுல எனக்கு ஆகாதவுக ரெண்டே பேருதான். அவுகள்ல யாருன்னு மட்டும் சொல்லு, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

யாரும் சொல்லவில்லை என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. பக்கத்தில் நின்ற முருகேசன்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "அண்ணே, இவன் வாயில சரியாத்தான் சொல்லிக்கிட்டு வந்தான். என் முதுகுக்குப் பின்னால உக்காந்து வழி நெடுக ஏடு மூடு, ஏடு மூடுன்னு ஓதுனான். எழுதுறப்பத்தான் கை புரண்டுருச்சு."

மறுநாள் திருத்தம் போட்டோம். அதன்பிறகு கவனித்துப் பார்த்தேன். மற்ற எண்கள் என் கையில் புரள்வதில்லை. இந்த இரண்டு மட்டும், ஒரே மாதிரி முடிவதாலோ என்னவோ, வரிசை மாறி விழும்.

6

தலைவர் பேனாவை எடுத்தார். "வேறு வழியில்லை, குமார். நீங்களே சொல்லுங்கள். இந்த வார்த்தைகளுக்கு உங்கள் மொழியில் என்ன பொருள்?"

"'மூடு' என்றால் மூன்று."

"மொழிபெயர்ப்பாளர் 'க்ளோஸ்' என்றாரே, அதுவா?"

"அதுதான். அவர் புத்தகம் என்றது 'ஏடு'. அது ஏழு."

அவர் முன்னால் இருந்த தாளில் மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில வாக்கியம் இருந்தது: 'டூ. க்ளோஸ் த புக்.' தமிழில் ஏடு முதலில் வரும், மூடு கடைசியில். ஆங்கிலத்தில் மூடு முதலில், ஏடு பிறகு. அவர் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் ஓர் எண்ணை எழுதினார். 'டூ' மேல் 2. 'க்ளோஸ்' மேல் 3. 'புக்' மேல் 7.

"இரண்டு, மூன்று, ஏழு" என்றார். முகம் தெளிந்தது. "தாளோடு பொருந்துகிறது."

ஹெலன் மூச்சு விட்டார். மருத்துவமனை ஊழியர் சிரித்துக்கொண்டே, "புத்தகத்தை மூடு! இதை நான் வேலையிடத்தில் சொல்ல வேண்டும்" என்றார். டேவிட்கூட நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார். தோற்றவரின் சாய்வு.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மூன்று மூன்றுதான், ஏழு ஏழுதான். ஆனால் ஒலிப்பதிவில் என் குரல் சொன்ன வரிசை அதுவல்ல. ரெண்டு, ஏடு, மூடு. இரண்டு, ஏழு, மூன்று. அந்த அறையில் அதைக் கேட்டவர்கள் எல்லாரிலும் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

மாடி ஜன்னல் வழியாகக் கீழே கீர்த்தி தெரிந்தாள். குழாய் பிடித்துப் படகைக் கழுவிக்கொண்டிருந்தாள். லியாம் எதிர்ப்பக்கம் நின்று பாய் மடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

மற்றவர்களை விசாரிக்கும் முறையிலேயே என்னையும் விசாரித்தேன். எண்ணைப் படித்தபோது அது யார் படகு என்று தெரியுமா? தெரியாது. குறுஞ்செய்தியைத் திறந்தாயா? திறந்த நினைவில்லை. நினைவில்லை என்று சொல்லும் ஆளை நீ நம்புவாயா? மாட்டேன். கை இதற்கு முன் புரண்டிருக்கிறதா? புரண்டிருக்கிறது. ஆனால் இன்று, இந்த எண்ணில், இந்தப் பக்கமாகப் புரண்டது தற்செயலா?

சுவரில் இருந்த கடிகாரம் நொடிமுள் உள்ளது. பழக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நொடி.

"வரிசை தப்பு" என்றேன். "அது ஆங்கில வரிசை. ஒலிப்பதிவில் ஏழு முதலில் வருகிறது. மூன்று கடைசி. 273."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "273 யாருடைய படகு?"

ஹெலன் குலுக்கல் தாளைத் தேடினார். டேவிட் அதற்குள், "அது இவருடைய மகள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முதல் முறை பேசியபோது இருந்ததைவிட அதிகச் சந்தேகம் இப்போது அவர் முகத்தில் இருந்தது.

மறுபடி போட்டுக் கேட்டார்கள். இப்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்ததால் எல்லாருக்கும் கேட்டது. ரெண்டு. ஏடு. மூடு. தலைவர் அந்த ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதி, "சரியா?" என்று எனக்குக் காட்டினார். எழுத்துப் பிழை இருந்தது. திருத்தவில்லை.

7

கார் நிறுத்துமிடத்தில் டேவிட் என்னிடம் வந்தார். கைகொடுக்கவில்லை. "எதற்காகச் சொன்னீர்கள்? தலைவர் சரி என்று எழுதி முடித்துவிட்டாரே" என்றார்.

"அது சரி இல்லை."

"புரிகிறது. ஆனால் எதற்காக?" என்று மறுபடி கேட்டார். நான் காரைத் திறந்தேன்.

கீர்த்தி முன்னிருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டாள். பெரிய சாலை வந்த பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்: "நான் கோட்டைத் தாண்டியிருந்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

"ஒரு படகு தாண்டியிருந்தது. அதோட நம்பரைப் படிச்சேன்."

"வாய் ஒன்று சொல்லியிருக்கிறது, கை ஒன்று எழுதியிருக்கிறது. வாய்தான் சரி என்று எப்படித் தெரியும்?"

பஸ்ஸின் கதையைச் சொன்னேன். பாதியிலேயே அது எவ்வளவு பலவீனமான ஆதாரம் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, அபூர்வமாகத் தமிழில், "உங்களுக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்லப்பா. என் மேலயும் இல்ல" என்றாள்.

"ஒம் மேல இல்லன்னு யார் சொன்னா? எங் கையி மேலதான்."

"கொடி ஏறுச்சுல்ல, நான் தாண்டிருந்தா எனக்கே தெரியாதா? திரும்பி வந்திருக்க மாட்டேனா? என்கிட்ட நீங்க கேக்கவே இல்ல."

அது உண்மை. நான் கேட்கவில்லை. விசாரணையில் யாருமே கேட்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் ஒலிப்பதிவு இருந்தது.

முருகேசனிடம் செவ்வாய்க்கிழமை சொன்னேன். நடுவில் போனை வைத்துவிட்டு யாருக்கோ உர மூட்டை எடுத்துக் கொடுக்கப் போனான்.

"ஏலே, இருக்கியா?"

"இருக்கேன். வாயத் தெறக்காம இருந்திருந்தா புள்ளைக்கு எடம் கெடச்சிருக்கும்?"

"ஆமா."

"பொய்யும் சொல்லல?"

"சொல்லல."

"அப்ப எதுக்குடா தெறந்த? நெசத்தச் சொல்லு. அவுக ஒனக்கு வேற எதும் தாரேன்னாகளா?"

திருத்திய பட்டியல் ஞாயிறு மாலை ஐந்து நாற்பதுக்கே ஒட்டப்பட்டுவிட்டது. பதினாறாவது பெயர் லியாம். தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் திங்கட்கிழமை காலை ஒலிப்பதிவைக் கேட்டு 273 என்று உறுதி செய்ததாகக் கிளப்பிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. அவர் உறுதி செய்தது நான் சொன்ன எண்ணை. படகின் எண்ணை அல்ல.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்குக் கீர்த்தி படகு ஓட்டக் கிளம்பினாள். டேவிட்டின் காரில் போனாள்.